முள்ளின் சாட்சி

மகிழுந்தின் முகப்பில் உள்ள அளவுமானிகளுள் ஓட்டுவோர் மிகுதியாகப் பார்ப்பது எது என்று கேட்டால், வேகமானி என்றே பலரும் விடை சொல்வர். பழைய வண்டி வைத்திருப்போரைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். பெட்ரோலின் அளவைக் காட்டும் சிறு முள்ளின்மீதே அவர்தம் கண் நிலைத்திருக்கும். வண்டி விரைவதை உடல் உணரும். எஞ்சின் சூடேறுவதை மூக்கு அறியும். சக்கரத்தின் கோளாறு காதில் விழும். தொட்டிக்குள் எவ்வளவு எரிபொருள் எஞ்சியுள்ளது என்பதை மட்டும் ஐம்புலன்களில் ஒன்றும் நமக்குச் சொல்வதில்லை. அந்த இருட்டுக்குள் நடப்பதை அறிய, நாம் ஒரு சாட்சியின் சொல்லை நம்பியே ஆகவேண்டும். சாட்சி பிறழ்ந்தால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நல்லூரிலிருந்து விருத்தாசலம் செல்லவும், சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சென்று வரவும் நமக்குத் துணையாக இருப்பது 1972-இல் பதிவான ஓர் அம்பாசிடர் மார்க் 2 வண்டி. கொடையாளர் ஒருவர் தம் முதுமையில் பங்கிற்கு அளித்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாய்ந்தவை என்று தனியே பதிவு செய்துகொள்ள 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்பிற்கும் கொண்டு செல்லலாம். அன்றாடம் ஓட்ட இயலாது. நமது வண்டிக்கு அந்தப் பெருமை வேண்டாம், வேலை போதும் என்று, வழக்கம்போலப் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறோம்.

இவ்வண்டியின் பெட்ரோல் முள்ளுக்கு வந்த நோய் விந்தையானது. தொட்டி நிறைந்திருக்கும்போது நிறைவு என்று காட்டும். பாதியானால் பாதி என்று காட்டும். கால் பங்கை நெருங்கும்போதோ, திடீரென்று துள்ளி எழுந்து மீண்டும் நிறைவில் போய் நின்றுகொள்ளும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் கீழே விழும். மறுகணம் மேலே ஏறும். பழுதுகள் பெரும்பாலும் கடுகடுத்த முகத்தோடுதான் வரும். இதுவோ சிரித்த முகத்தோடு வந்தது. வறுமை மிகும் நேரத்தில் வளமை இருப்பதாகச் சொல்லும் சாட்சியை யார்தான் வெறுப்பர்?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, பதினொரு மணியைக் கடந்த பின், தொலைவில் உள்ள கிளைச் சிற்றூரிலிருந்து ஆள் வந்தது. மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருக்கிறார், நோயில் பூசுதல் கேட்கிறார் என்றனர். வண்டியின் சாவியைத் திருப்பியதும் முள் நிறைவுக்குச் சென்றது. நம் உபதேசியார் முள்ளை என்றுமே நம்பாதவர். "செத்த இருங்க சாமி" என்று சொல்லி, டிக்கியில் கிடந்த மெல்லிய பிரம்பைத் தொட்டியின் வாய்க்குள் விட்டு எடுத்தார். கைவிளக்கின் ஒளியில் அதன் நுனி மட்டும் ஈரமாக மின்னியது. எதிர் வீட்டாரின் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு லிட்டரும், அடுத்த தெருவிலிருந்து மேலும் இரண்டு லிட்டரும் வாங்கி ஊற்றிய பிறகே புறப்பட்டோம். நாம் சென்றபோது மூதாட்டி நினைவோடு இருந்தார். விடியுமுன் கண் மூடினார். வழியில் நான்கு கல் தொலைவுக்கு வீடே இல்லாத சாலை அது.

விருத்தாசலத்தில் பழைய வண்டிகளின் மருத்துவராக விளங்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். ஊரார் போன்றே நாமும் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். முகப்புப் பலகையைக் கழற்றி அளவுமானியை வெளியே எடுக்கப் போகிறார் என்று எண்ணியிருந்த நமக்கு, அவர் வண்டியின் பின்பக்கம் சென்றது வியப்பாக இருந்தது.

"கேஜ் மேல குத்தம் சொல்லாதீங்க ஃபாதர். கீழேர்ந்து என்ன சொல்லி அனுப்புறாங்களோ, அதத்தான் அது மேல சொல்லுது" என்றார்.

தொட்டியின் மூடியை இறுக மூடிவிட்டு, தொட்டிக்குச் செல்லும் ஒற்றைக் கம்பியைக் கழற்றினார். சாவியைத் திருப்பச் சொன்னார். முள் நிறைவுக்கு ஓடிற்று. கம்பியின் முனையைத் தொட்டியிலிருந்து விலக்கி, வண்டியின் வெற்று இரும்பில் தொட வைத்தார். முள் காலியில் வீழ்ந்தது. இரண்டே நிமிடம். அளவுமானி நலம், கம்பியும் நலம், நோய் தொட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பழுது நீக்கும் கலையில் பாதி, குற்றமற்றவரை முதலில் விடுவிப்பதுதான் போலும்.

தொட்டிக்குள் இருக்கும் அந்தக் கருவியைத் தொழிலாளர் டேங்க் யூனிட் என்பர். அமைப்பு மிக எளிது. நீண்ட கையின் முனையில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கையின் மறுமுனையில் ஒரு சிறு தொடுநாக்கு. அந்நாக்கு, ஓர் அட்டைத் துண்டின்மீது நெருக்கமாகச் சுற்றப்பட்ட மெல்லிய தடைக்கம்பியின்மேல் உரசிக்கொண்டே நகரும். நகரும் இடத்தைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். முகப்பில் உள்ள அளவுமானிக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று முள்ளைக் காலியின் பக்கம் இழுக்கும், மற்றொன்று நிறைவின் பக்கம் இழுக்கும். மிதவை தாழ்ந்திருக்கும்போது மின்னோட்டம் தொட்டியின் வழியே எளிதாக எர்த்தை அடைந்துவிடுவதால், நிறைவுச் சுருளுக்கு வலுவிருக்காது. முள் காலியில் நிற்கும். மிதவை உயர உயரத் தடை கூடும், மின்னோட்டம் நிறைவுச் சுருளின் வழியே செல்லும், முள் எழும். அப்படியானால் தொட்டியின் பக்கம் தொடர்பே அற்றுப் போனால் என்ன ஆகும்? முழு மின்னோட்டமும் நிறைவுச் சுருளின் வழியே பாயும். முள் நிறைவு காட்டும். நமது வண்டியின் நோய் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

பிற்காலத்து வண்டிகளில் வேறு வகை வந்தது. சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு முள்ளை நகர்த்தும் வகை அது. அதில் கணக்கு தலைகீழ். தொட்டி காலியாக இருந்தால் தடை மிகுதி, நிறைந்திருந்தால் தடை குறைவு. கம்பி அறுந்தால் முள் எழவே எழாது. காலி என்று படுத்துவிடும். சாவியைத் திருப்பியதும் சோம்பலாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு எழுவது அதன் இயல்பு. துள்ளலும் இல்லை. இரண்டு வகைகளுமே நலமாக இருக்கும்போது உண்மையே பேசும். உடைந்த பிறகு எப்பக்கம் சாய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நம்மைக் கேட்டால், கருவியின் குணத்தை அங்கேதான் பார்க்க வேண்டும் என்போம்.

விருத்தாசலம் இரயில் சந்திப்பு இவ்வட்டாரத்தார்க்கு நன்கு பழக்கமானது. இன்று எங்கும் வண்ண விளக்குகள். அக்காலத்துக் கைகாட்டி மரங்களை நம் வயதினர் மறந்திருக்கமாட்டார். கை தாழ்ந்தால் போகலாம், கிடையாக நீண்டால் நிற்க வேண்டும். அந்தக் கையைத் தாழ்த்துவது தொலைவிலிருந்து இழுக்கப்படும் கம்பி. இழுத்த கம்பி அறுந்தால், எதிர்ப்பக்கத்து எடை கையைத் தூக்கி, நில் என்ற நிலைக்குக் கொண்டு போய்விடும். எளிதாகக் கிடைத்த அறிவன்று இது. 1876 சனவரியில், இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில், உறைபனி இறுகிக் கைகாட்டிகள் போகலாம் என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டன. நிலைய ஊழியர் நெம்புகோலைத் திருப்பியும் கை அசையவில்லை. வண்டிகள் ஒன்றோடொன்று மோதிப் பலர் மாண்டனர். அதன் பின்னரே, கைகாட்டியின் இயல்பு நிலை நில் என்பதாக இருக்க வேண்டும், தேவைப்படும்போது மட்டுமே போகச் சொல்ல வேண்டும் என்ற முறை அங்கு வேரூன்றியது.

இவ்வூரின் பீங்கான் தொழிலிலேயே இன்னொரு சான்று உண்டு. விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் கல்வி நிலையமும் உள்ளன. பொம்மைகளோடும் அகல் விளக்குகளோடும் மின்சாரத்திற்கான பியூஸ் கட்டைகளும் இங்கே சூளையில் வேகின்றன. அந்த வெள்ளைக் கட்டைக்குள் நாம் பொருத்தும் மெல்லிய கம்பி, மின்னோட்டம் அளவு மீறினால் தான் உருகிப்போகும். வீடு இருளும், வீடு எரியாது. "பீஸ் போயிடுச்சு" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அது தன்னை மாய்த்துக்கொண்டு செய்தி சொன்னது என்று எவரும் நினைப்பதில்லை.

எரிபொருள் அளவைப் பற்றிய பேச்சில் கனடா நாட்டு வானூர்தி ஒன்றின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1983 ஜூலை 23 அன்று, 69 பேருடன் சென்ற ஏர் கனடாவின் போயிங் 767 வானூர்தி, ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றுபோயின. எரிபொருளைக் கணக்கிடும் மின்னணுக் கருவியில் ஒரு பற்றவைப்பு சரியாகப் பிடிக்காததில் தொடங்கியது எல்லாம். விமானியறையில் எரிபொருள் காட்டிகள் ஒன்றுமே காட்டாமல் வெறுமையாக இருந்தன. ஆகவே தரையில் நின்றபோது அளவுக்கோல் கொண்டு தொட்டிகளை அளந்தனர். அளவும் சரிதான். அதை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்கு உரிய எண்ணை விடுத்து, பவுண்டுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டனர். 22,300 கிலோ வேண்டிய பயணத்திற்கு அதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே இருந்தது. விமானிகள் எஞ்சினில்லாத வானூர்தியைச் சறுக்கிக் கொண்டுவந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினர். ஓர் உயிரும் போகவில்லை. இக்கதையில் நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்று. அங்கே அளவுமானி பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று வாய் மூடிக்கொண்டது. அந்த மௌனம் நேர்மையானது. பிறழ்ந்தது, மௌனத்தை நிரப்ப வந்த மனிதரின் கணக்கு.

இனி நம் தொட்டிக்குத் திரும்புவோம். பெட்ரோலை வடித்து, தொட்டியை இறக்கி, வெளிக்காற்றில் ஒரு நாள் முழுதும் வைத்த பிறகே பாய் அதில் கை வைத்தார். அந்த நாள் பட்டறைப் பக்கம் எவரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்பது கட்டளை. திருகாணிகளைக் கழற்றி, டேங்க் யூனிட்டை மிதவை வளையாதபடி மெல்லச் சாய்த்து வெளியே எடுத்தார். மிதவை பித்தளையால் ஆனது. அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி இல்லை. ஆயினும் வெந்நீரில் அமிழ்த்தினார். ஊசித் துளை இருந்தால், உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழியாக வெளியேறும். ஒரு குமிழியும் வரவில்லை. இன்னும் பழைய காலத்து வண்டிகளில் தக்கையால் ஆன மிதவைகள் இருந்தன. அவற்றுக்கு அரக்கு பூசுவர். சாராயத்தில் அரக்கு கரையும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டதால், தக்கை மிதவை வைத்திருப்போர் விழித்திருப்பது நல்லது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். பழைய இரும்புத் தொட்டிகளுக்கு அது நண்பனன்று.

மீட்டரின் இரு முனைகளையும் பொருத்தி, மிதவையை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கினார் பாய். எண் படிப்படியாகக் குறைந்து வந்தது. கால் பங்கிற்குச் சற்றுக் கீழே வந்ததும் எண் மறைந்து, தொடர்பே இல்லை என்று காட்டியது. இன்னும் தாழ்த்தினால் மீண்டும் எண் வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை நம் கையில் கொடுத்தார். சுற்றுக்கம்பி எங்கும் அறுபடவில்லை. ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து, நாக்கு படாத அளவுக்குப் பள்ளம் விழுந்து, கறுத்த பிசின் படிந்திருந்தது. மேல் பாதியில் கம்பி புதியது போலப் பளபளத்தது.

"இது பணக்கார வண்டி இல்ல ஃபாதர்" என்று சிரித்தார் பாய். "டேங்க ரொப்பி ஓட்டுறவங்க வண்டியில தேய்மானம் மேலேர்ந்து கீழ வரைக்கும் பரவலா இருக்கும். இது ஒரே எடத்துலயே நின்னு தேஞ்சிருக்கு."

உண்மைதான். இத்தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அது நிறைந்திருந்த நாள்கள் இத்தனை ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணத் தக்கவை. ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்கள், முந்நூறு ரூபாய்க்குப் போடுங்கள் என்றே காலம் கழிந்திருக்கிறது. மிதவை எப்போதும் அடித்தட்டிலேயே ஆடியிருக்கிறது. மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நாக்கை அதே இடத்தில் உரசியிருக்கிறது. எந்த இடத்தில் முள்ளின் சொல் மிகமிகத் தேவையோ, அந்த இடத்திலேயே அது தேய்ந்து ஊமையாகிவிட்டது. ஏழை வீடுகளில் எது முதலில் தேய்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பங்கின் கணக்கேடுகளை விடத் துல்லியமான ஒரு வரவு செலவுப் பதிவு அந்தக் கம்பியில் இருந்தது.

புதிய டேங்க் யூனிட் வாங்கிவிடலாமே என்று உபதேசியார் சொன்னார். உதிரிப் பாகக் கடைக்காரர் ஒருவரும் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்து, இது அப்படியே பொருந்தும் என்றார். பொருந்தத்தான் செய்யும், திருகாணித் துளைகள் ஒத்திருந்தன. பாய் அதை வாங்கி மீட்டரில் வைத்துப் பார்த்தார். மிதவையைத் தாழ்த்தியபோது தடை 240 ஓமைத் தொட்டது. உயர்த்தியபோது 30 ஆனது. பிற்கால வகைக்கு உரியது அது. நமது அளவுமானியோடு இணைத்திருந்தால், காலித் தொட்டிக்கு நிறைவு என்றும், நிறைந்த தொட்டிக்குப் பாதிக்கும் கீழே என்றும் காட்டியிருக்கும். உடல் பொருந்தி உள்ளம் பொருந்தாத இணைப்பு! திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறகு பாய் செய்த வேலையை நாம் ரசித்துப் பார்த்தோம். பிசினைத் துணியால் துடைத்து நீக்கினார். தொடுநாக்கைக் கூர்முனைக் குறடால் பிடித்து, அதன் அழுத்தம் சற்றுக் கூடும்படி வளைத்தார். பின், பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு சாய்வு கொடுத்தார். அவ்வளவே. நாக்கு இப்போது பழைய பள்ளத்தை விட்டு விலகி, அதே கம்பிச் சுற்றின்மேல், இதுவரை உரசாத புதுத் தடத்தில் ஓடியது. மீட்டரில் எண் ஓரிடத்திலும் மறையாமல் இறங்கி வந்தது. சுற்றிய கம்பியின் அகலத்தில் இன்னும் இரண்டு மூன்று தடங்களுக்கு இடமிருக்கிறது, நம் காலத்திற்குப் போதும் என்றார்.

தொட்டியை ஏற்றும் முன் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மிதவையின் கையைச் சற்று வளைத்தால், முள் காலியைக் காட்டும் இடத்தை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்.

"அஞ்சு லிட்டர் இருக்கும்போதே காலின்னு காட்டட்டும் சாமி. அப்பதான் பயம் இருக்கும்" என்றார் உபதேசியார்.

"பயம் ரெண்டு மாசத்துக்குத்தான் இருக்கும். அப்புறம், காலிக்குக் கீழ அஞ்சு லிட்டர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதையும் சேத்தே ஓட்டுவாங்க" என்றார் பாய்.

நமக்குக் கோயிற்பொருள் அறையின் கடிகாரம் நினைவுக்கு வந்தது. பூசைக்குக் காலம் தாழ்த்தாதிருக்க யாரோ அதைப் பத்து நிமிடம் முன்னே ஓடும்படி வைத்திருந்தனர். பீடச் சிறுவர் முதல் பாடகர் வரை எல்லாரும் பத்தைக் கழித்தே மணி சொல்வர். நன்மைக்காகச் சொன்ன பொய்யும் தெரிந்துவிட்ட பிறகு நன்மை செய்வதில்லை; அதைத் திருத்திக் கணக்கிடும் பழக்கத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. நாம் பாயின் பக்கம் சேர்ந்தோம். உபதேசியாருக்கு இன்றுவரை அதில் மனக்குறை உண்டு. புது ஊழியர் வந்தால் அவருக்குத் தெரியாதல்லவா என்கிறார். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் உண்மையான காலி எது? தொட்டி வறண்டு போவதன்று. பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் அடித்தகட்டிலிருந்து சற்று உயர்ந்தே இருக்கிறது, கசடை இழுக்காதிருக்க. அதற்குக் கீழே உள்ளது இருந்தும் இல்லாததுதான். ஆகவே குழாயின் வாயை அளந்து, அந்த மட்டத்தில் முள் காலியைத் தொடும்படி கையை வளைத்தார் பாய். புதிய தக்கை வளையம் வைத்துத் திருகாணிகளை இறுக்கி, தொட்டியை ஏற்றியபின், லிட்டர் லிட்டராக ஊற்றி முள்ளைப் பார்த்தோம். பாதிக்கு மேல் சற்று மிகைப்படுத்திப் பேசுகிறது. பாதிக்குக் கீழே சொல்வதெல்லாம் சரி. நமக்கு வேண்டியது கீழ்ப் பாதிதான்.

முள்ளின் பிறவிக் குணத்தை மட்டும் மாற்ற இயலவில்லை. என்றேனும் கம்பி அறுந்தால் அது இன்றும் நிறைவையே காட்டும். அதை மாற்ற வேண்டுமானால் அளவுமானியையே மாற்ற வேண்டும். பாய்க்கு அதில் விருப்பமில்லை, நமக்கும் இல்லை. லிட்டர் கணக்கில் ஊற்றியபோது, உபதேசியாரின் பிரம்பையும் ஒவ்வொரு முறையும் உள்ளே விட்டு, ஐந்து, பத்து, இருபது என்று பேனாக்கத்தியால் கீறல் போட்டுக்கொண்டோம். பிரம்பு டிக்கியிலேயே கிடக்கிறது. தொலைவூர்ப் பயணம் என்றால் உபதேசியார் முதலில் பின்பக்கம் போகிறார், பிறகுதான் முன்பக்கம் வருகிறார்.